ஒரு கை தண்ணீர்

அஞ்சுகிராமம்
11.2.2024

மதிப்பிற்குரிய டாக்டரம்மா சபிதா அவர்களுக்கு,

குமாரதாஸ் எழுதுவது. கோயம்புத்தூர் தண்ணீரும் காற்றும் உங்களுக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். ஃபோன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. தியேட்டரில் இருப்பீர்கள், குறை சொல்லவில்லை. மத்தியானம் கடைக்கு ஆள் வராது. அந்த நேரத்தில் இதை எழுதுகிறேன்.

முத்துக்கனிக்குப் போன வாரம் தொண்டைக் குழாயை நானே மாற்றினேன். நீங்கள் சொல்லித்தந்தபடி தோளுக்கு அடியில் தலையணை வைத்து, ஒரே வளைவில் உள்ளே விட்டேன். சரியாகப் போய்விட்டது. சளி கொஞ்சம் மஞ்சளாக வருகிறது. முதுகுப் புண் ஆறிவிட்டது. ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலை சுற்றியும் இங்கே கரண்ட் நிலைத்து நிற்பதில்லை. சளி உறிஞ்சும் மெஷினுக்காக ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வைத்தேன். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நடந்து போனவள் இப்படி நினைவில்லாமல் கிடக்கத் தொடங்கி, வருகிற ஜூனோடு இரண்டு வருடம்.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வேறு ஒருத்தரும் எங்கள் படி ஏறவில்லை. மயக்க மருந்து கொடுத்த நீங்கள் மட்டும் பதினேழு மாதம், மாதம் தவறாமல் வந்தீர்கள். ஆபரேஷன் அன்று விடியற்காலையில், நாங்கள் கும்பிடும் சாமித்தோப்புப் பதியின் கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அவள் வாயில் விட்டவன் நான். அது மூச்சுக்குழலுக்குள் போய்த்தான் இப்படி ஆனது என்று தெரிந்தும் நீங்கள் ஒருநாளும் அதைக் குத்திக்காட்டியதில்லை. என் மகள் பிந்து அப்படி இல்லை. நர்சிங் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வந்தால் அம்மா பக்கத்திலேயே இருப்பாள். என்னிடம், "சோறு மூடி வச்சிருக்கு" என்பதோடு சரி. அம்மாவின் கண் ஃபேனைப் பார்க்கிறது என்று அவள் தோழிக்கு ஃபோனில் சொன்னதை ஒட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏழாம் நம்பர் குழாய் நாகர்கோவிலில் கிடைக்கவில்லை. அங்கே கிடைத்தால் அனுப்ப முடியுமா?

என்றும் நன்றியுள்ள,
குமாரதாஸ்


கோயம்புத்தூர்
20.2.2024

அன்புள்ள குமாரதாஸ் அண்ணாச்சிக்கு,

ஏழாம் நம்பர் குழாய் மூன்று இன்று கூரியரில் அனுப்பியிருக்கிறேன். சளி மஞ்சளாக இருப்பதற்குப் பயப்பட வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, நாற்றம் எடுத்தாலோ மட்டும் பக்கத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி விட்டதும் படுக்க வைக்காதீர்கள். அரை மணி நேரமாவது தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும். குழாயை நீங்களே மாற்றியது பெரிய காரியம். இங்கே என் மாணவர்களில் பலருக்கு இன்னும் அந்தக் கை வரவில்லை.

கல்லூரியில் வேலை அதிகம்தான். நோயாளியின் பாதுகாப்பு பற்றிய வகுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். ஃபோனை எடுக்காததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

நடந்ததையே நினைத்து உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. பிந்து சின்னப் பெண், ஒருநாள் புரிந்துகொள்வாள்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சபிதா


அஞ்சுகிராமம்
7.7.2024

மதிப்பிற்குரிய டாக்டரம்மாவுக்கு,

நேற்று பிந்து வந்திருந்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மடியில் ஒரு தடிப் புத்தகம்.

"அப்பா, அண்ணைக்கு அம்மைக்கு எத்தன மணிக்குத் தண்ணி குடுத்திய?"

"அஞ்சு மணி இருக்கும். முந்துன நாளு பதியில எடுத்த தண்ணி."

"எவ்வளவு?"

"ஒரு கை. அதுல பாதி அவ சேலையில சிந்திச்சு."

"தியேட்டருக்குள்ள எப்பம் கொண்டு போனாங்க?"

"பத்தரை தாண்டி."

"பாலு, காப்பி ஒண்ணும் குடுக்கல்லியே?"

"ஏட்டி, போலீஸ்காரி மாதிரி கேக்கியே. வெறும் தண்ணி. நெத்தியில இடுத திருமண்ணு ஒரு நுள்ளு போட்டது."

புத்தகத்தில் ஒரு வரியில் விரலை வைத்தாள். ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று அதில் போட்டிருக்கிறதாம். "மிஸ்ஸுட்டயும் கேட்டேன். ஆமான்னாங்க. இது அஞ்சரை மணிக்கூறு ஆயிருக்கு. அப்பம் அம்மைக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

புத்தகம் ஒன்று சொல்லும், நேரில் பார்த்த டாக்டர்களுக்குத்தான் விவரம் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை.

டாக்டரம்மா, யார் மேலும் வழக்குப் போட நான் இதைக் கேட்கவில்லை. அந்தத் தண்ணீர்தானா, இல்லையா? ஒரு வரி எழுதினால் போதும். நீங்கள் எழுதினால் பிந்து நம்புவாள். நானும் நம்புவேன். நான் பதிக்குப் போயே இரண்டு வருடமாகிறது. அங்கே போய் அந்தக் கிணற்றைப் பார்க்க எனக்கு முகமில்லை.

குமாரதாஸ்


கோயம்புத்தூர்
19.7.2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமாகிவிட்டது.

புத்தகங்களில் இருப்பவை பொதுவான விதிகள். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு விதம். இத்தனை நாள் கழித்து, இதனால்தான் என்றோ இதனால் இல்லை என்றோ உறுதியாகச் சொல்வது கடினம். பிந்து இவ்வளவு ஆர்வமாகப் படிப்பது எனக்கு மகிழ்ச்சி. அவளுக்கு என்ன புத்தகம் வேண்டுமானாலும் எழுதச் சொல்லுங்கள், வாங்கி அனுப்புகிறேன்.

முத்துக்கனிக்கு எடை குறைந்திருந்தால் கஞ்சியில் முட்டையின் வெள்ளைக்கரு சேருங்கள்.

அன்புடன்,
சபிதா


அஞ்சுகிராமம்
22.9.2024

டாக்டரம்மாவுக்கு,

முத்துக்கனி போன திங்கட்கிழமை காலையில் போய்விட்டாள். இரண்டு நாள் காய்ச்சல், பிறகு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய குழாயில் ஒன்று பிரிக்காமல் இருக்கிறது.

வடக்குப் பார்த்து இருத்தி அடக்கம் செய்வது எங்கள் முறை. மண் போடும் முன் நெற்றியில் நாமம் இடப் போனேன். மச்சினன், அவள் கூடப்பிறந்தவன், என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், கைய எடும். ஒம்ம கையால அவளுக்குக் குடுத்தது போதும்."

ஊர்க்காரர் அத்தனை பேர் நின்றார்கள். நாமத்தை அவன்தான் இட்டான். நான் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றேன்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. ஜூலையில் நீங்கள் எழுதிய பதிலைப் பிந்து படித்தாள். "இது பதிலே இல்லப்பா. இந்த அம்மா எதையோ மறைக்கா" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, வாய அடக்கு. நம்ம வீட்டுக்கு வந்த ஒரே டாக்டரு அவங்க" என்று திட்டினேன். அதற்குப் பிறகு அவள் முன்புபோலவே ஆகிவிட்டாள். அடக்கம் முடிந்த மறுநாளே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

உங்களுக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று எழுதினேன்.

குமாரதாஸ்


கோயம்புத்தூர்
4.10.2024

திரு. குமாரதாஸ் அவர்களுக்கு,

நீங்கள் கொடுத்த தண்ணீரால் முத்துக்கனிக்கு ஒன்றும் நேரவில்லை. ஐந்து மணிக்குக் குடித்த ஒரு கை தண்ணீர் பத்தரை மணிக்கு வயிற்றில் இருக்காது. பிந்துவின் புத்தகத்தில் இருப்பது சரி. இது எனக்கு அன்றே தெரியும்.

நடந்தது இது. அவரை மயக்கத்தில் ஆழ்த்தி, மூச்சுக்குழலில் குழாய் வைத்து, மூச்சு கொடுக்கும் மெஷினில் இணைத்தேன். வெளிவரும் மூச்சை அளந்து காட்டும் கருவி ஒரு மாதமாகப் பழுது. அது இல்லாமல் தொடங்க மாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "ஒரு மாசமா ஒண்ணும் ஆகல்லியே" என்றார், ஆபரேஷன் செய்த டாக்டர் ராஜகுமார். எனக்கும் அது போதுமானதாக இருந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் அடிக்கும் அலாரத்தை அணைத்தவள் நான். ரத்தக் குழாயைச் சுடும் கருவி ஓடும்போதெல்லாம் அது காரணமில்லாமல் அடிக்கும், எரிச்சலாக இருக்கும். எல்லாரும் அணைப்பார்கள், நானும் அணைத்தேன்.

அப்போது பக்கத்துத் தியேட்டரிலிருந்து கூப்பிட்டார்கள். வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். அன்று அங்கே மயக்க மருந்துக்கு நான் ஒருத்திதான். பிரிஜா என்ற நர்ஸிடம், "ஒரு கண்ணு பாத்துக்கோ மக்கா" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவளுக்கு வேறு வேலையும் இருந்தது. நான் போனபின் மேசையைத் தலைப்பக்கம் சரித்திருக்கிறார்கள். அதில் குழாய் மெஷினிலிருந்து கழன்றுவிட்டது. மேலே பச்சைத் துணி கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. "ரத்தம் என்ன இப்பிடிக் கறுத்து வருது?" என்று டாக்டர் ராஜகுமார் கேட்ட பிறகுதான் பிரிஜா துணியைத் தூக்கிப் பார்த்தாள். நான் ஓடிவந்தபோது இதயம் நின்றிருந்தது. அதைத் துடிக்க வைத்தோம், மூளை திரும்பவில்லை. எத்தனை நிமிடம் மூச்சில்லாமல் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. கேஸ் ஷீட்டில் உள்ள நேரங்கள் நான் பிறகு உட்கார்ந்து எழுதியவை. அந்தப் பக்கத்துத் தியேட்டர் குழந்தை பிழைத்தது. அதைச் சொல்லி ரொம்ப நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

வெளியே வந்து உங்களிடம், "அண்ணாச்சி, காலையில என்னமும் குடுத்தியளா?" என்று கேட்டேன். இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். கேட்கும்போது வேறு எண்ணம் இல்லை. நீங்கள் உடனே, "ஒரு கை பதித் தண்ணி குடுத்தேன் டாக்டரம்மா" என்றீர்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை இன்றுவரை மறக்க முடியவில்லை. தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது என்று உங்களிடம் சொன்னவர் டாக்டர் ராஜகுமார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

உங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீங்கள் டீ போட்டுத் தந்து நன்றி சொல்வீர்கள். நான் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கோயம்புத்தூர் வேலையைத் தேடிக்கொண்டதும் அந்த நன்றிக்குப் பயந்துதான். மயக்கத்தில் இருப்பவரை விட்டு ஒரு அடிகூட நகரக் கூடாது என்று இங்கே புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்கிறேன், அவர்களும் எழுதிக்கொள்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். மருத்துவக் கவுன்சிலுக்கும் இதையே எழுதி இன்று பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பிரிஜா மேல் தவறில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள்.

சபிதா


அஞ்சுகிராமம்
20.10.2024

டாக்டர் சபிதாவுக்கு,

கடிதம் வந்தது. பிந்துவை வரச்சொல்லி அவளை வாசிக்க வைத்தேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். முடித்ததும், "நான் ஒங்ககிட்ட இப்பிடி இருந்துட்டேனேப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகள் பேசினால் போதும் என்று இரண்டு வருடம் ஏங்கியவன் நான். பேசினாள். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

மச்சினன் வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினோம். வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் கையில் தந்தான். பிறகு, "இனி இத வச்சு என்ன செய்ய அத்தான், போட்ட மண்ண தோண்டவா?" என்று கேட்டான்.

அன்று நீங்கள் கேட்டபோது, ஒன்றும் கொடுக்கவில்லை என்று நான் ஒரு பொய் சொல்லியிருந்தால் உங்களுக்குப் போக்கிடம் இருந்திருக்காது. கேட்பது டாக்டர், மறைத்தால் உள்ளே கிடக்கிறவளுக்குக் கேடு வந்துவிடும் என்று நினைத்து உண்மையைச் சொன்னேன்.

கேட்டால் மன்னித்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினேழு தடவை வந்து என்னை நன்றாகத்தான் அளந்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் அது தப்பு. நான் மன்னிக்க மாட்டேன். கவுன்சிலிலிருந்து கூப்பிட்டால் கடையைப் பூட்டிவிட்டு வருவேன். நீங்கள் இனி எழுத வேண்டாம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடம் தினமும் மூன்று நேரம் அவளைப் புரட்டிப்போட்டுத் துடைத்திருக்கிறேன். வேறு யாரையும் தொட விட்டதில்லை. ஊரில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். நான் செய்த பாவத்தைக் கழுவுகிறேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் துணியை நனைத்தேன். கழுத்துக்கு மேலே துடைக்கும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன், அவள் கண் திறந்திருந்தால் என்ன செய்வது என்று. முதல் மாதமே நீங்கள் சொல்லியிருந்தால் என் பெண்சாதி என்று நினைத்துத் துடைத்திருப்பேன். முகத்தைப் பார்த்துத் துடைத்திருப்பேன்.

குமாரதாஸ்