மாயவரத்தில் இறங்கியது

தை 5, சனி

பனி. எங்கள் நிதி கம்பெனியில் ஒன்பது மணி வரை விளக்கு எரிந்தது. நகைக்கடன் கூட்டம். அறுவடைக்கு முன் அடகு, அறுவடைக்குப் பின் மீட்பு. அப்பா ஆரம்பித்த நாளிலிருந்து இந்தச் சின்ன பாங்கு ஓடுவது இப்படித்தான்.

கீழத்தெரு வீரையன் வந்தான், கூட நாலைந்து அறுப்புக் கூலி ஆட்கள். உள்ளே கூப்பிட்டால் வாசல்படியிலேயே நிற்கிறார்கள். சத்தம் போட்டதும் வந்து பெஞ்சு நுனியில் உட்கார்ந்தார்கள். நான் எம்.எல்.ஏ. ஆகி, நம் கட்சி ஆட்சிக்கும் வந்தாகிவிட்டது. இன்னும் உட்காரச் சொல்லிச் சத்தம் போட வேண்டியிருக்கிறது. வீரையன்தான் பேசினான்.

"அரைப்படிங்க. பண்ணையாரு கலம் நெல்லுக்கு அரைப்படி கூலி கூடக் குடுக்கட்டும், நாளைக்கே எறங்கி அறுத்துக் குடுத்துடுறோம். வெளியூர் ஆள மட்டும் கொண்டாற வேணாங்க. அது எங்க வயித்துல அடிக்கிற வேலை."

மாலை பண்ணையார் கோதண்டத்தின் வீடு. காபி நன்றாக இருந்தது. நிதியில் அவர் டைரக்டர். டெபாசிட்டில் பெரிய பங்கு அவர் குடும்பத்துடையது. அதனால் நான் குரலைத் தழைத்துத்தான் பேசினேன். "நீங்க சொன்னா சரி. பதினஞ்சாந்தேதி தாசில்தார் முன்னாடி பேசுவோம். அதுவரைக்கும் அருவா எறங்காது" என்றார்.

இரண்டு பக்கத்துக்கும் நான் சொன்னது ஒன்றுதான்: அறுப்பு எப்போது ஆரம்பித்தாலும் வரப்பில் நான் நிற்பேன். நான் நிற்கும்போது ஒருத்தன் கை ஓங்க மாட்டான்.

தாசில்தாருக்கு போன். கண்ணாடிக்குக் காது மாற்ற வேண்டும். கார் பின் டயர்.

தை 7, திங்கள்

கட்சி நகரச் செயலாளர் மகள் கல்யாணம், என் தலைமையில். ஐயர் இல்லை, ஓமம் இல்லை, நல்ல நேரம் இல்லை. மாலை மாற்றினார்கள், முடிந்தது. முக்கால் மணி நேரம் பேசினேன். நெருப்பைச் சுற்றினால்தான் ஆயுசா என்று கேட்டபோது நல்ல கைதட்டல். பாயசத்தில் நெய் ஜாஸ்தி. வயிறு சரியில்லை.

வீட்டுக்கு வந்தால் கட்டிலில் பட்டு வேட்டி. தையல்நாயகி பக்கத்தில் நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமை என் நட்சத்திரம், அறுபது முடிகிறது. அவள் தம்பி திருக்கடையூரில் எல்லாம் பேசி முடித்துவிட்டானாம். கலசம், ஓமம், திரும்பவும் தாலி. ஒன்றும் பாக்கி இல்லை.

கத்தினேன். பக்கத்துத் தொகுதியில் ஒரு வட்டச் செயலாளர் காவடி எடுத்தான் என்று கட்சியை விட்டே தூக்கினார்கள். மாவட்டப் பொறுப்புக்கு என் பெயர் அடிபடுகிற நேரம் இது. எல்லாம் சொன்னேன்.

"எங்கப்பா அறுபது பண்ணிக்க மாட்டேன்னாரு. அடுத்த வருசமே போய்ட்டாரு. உங்க கட்சிக்கு உங்க உசுரு வேணாம். எனக்கு வேணும்."

கல்யாணம் ஆன நாளாக என்னிடம் ஒரு மூக்குத்தி கூடக் கேட்டவள் இல்லை.  சரி என்றேன்.

தை 8, செவ்வாய்

ஏற்பாடு: தை.நா. நாளை மாயவரம், தம்பி வீட்டுக்கு. நான் வியாழன் மாலை ரயில், சென்னைக்கு என்று பேர். மாயவரத்தில் இறங்கிவிட வேண்டும். மைத்துனன் காருடன் நிற்பான். சனிக்கிழமை காலை அதே மாயவரத்தில் ஏறித் திரும்பி வர வேண்டும். திருட்டுத்தனம் இந்த வயதில்.

நிதியில் சொல்லியாகிவிட்டது. பண்ணையாரிடமும் சொன்னேன், வெள்ளிக்கிழமை டைரக்டர் கூட்டத்துக்கு வர முடியாது என்று. "தாராளமாப் போய்ட்டு வாங்க."

கடைத்தெருவில் வீரையன். "சென்னைக்காங்க? மந்திரியப் பாத்து நம்ம கூலி விசயம் பேசவாங்க?"

ஆமாம் என்றேன். நானாகச் சொல்லவில்லை. அவன் கேட்டான், நான் ஆமாம் என்றேன்.

தை 10, வியாழன். திருக்கடையூர்

ஸ்டேஷனுக்குக் கீழத்தெருவே வந்துவிட்டது. கொடி, கோஷம். என்னை யார் என்று தெரியாத குழந்தைகள் எல்லாம் வாழ்க என்கின்றன. வீரையன் துண்டில் முடிந்து கடலை உருண்டை கொடுத்தான், ரயிலில் சாப்பிட. "அஞ்சல பண்ணுனதுங்க. சுத்தமாப் பண்ணுனது." அஞ்சலை அவன் பெண்டாட்டி. அந்த 'சுத்தமா' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கேயே ஒன்றை எடுத்துத் தின்றேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"பேசி முடிச்சதும் ஒரு தந்தி குடுத்துடுங்கய்யா. சனங்க தைரியமா இருப்பாங்க."

மாயவரத்தில் கட்சிக் கரைத்துண்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். மைத்துனன் சிரித்தான். அறைய வேண்டும் போல இருந்தது.

இரவே கோயிலில் ஏதோ சங்கல்பம். நிறைய ஜோடிகள். முகம் தெரிந்தவர்கள் உண்டா என்று தூணுக்குத் தூண் பார்த்தேன், யாரும் இல்லை. தை.நா.வுக்கு இடுப்பு வலி. ஆனாலும் எல்லாச் சன்னதிக்கும் நடந்தாள்.

தை 11, வெள்ளி. திருக்கடையூர்

விடிவதற்கு முன்பே குளியல். சிவன் எமனைக் காலால் உதைத்த ஊர் என்று ஐயர் கதை சொன்னார். இதை வைத்து நான் எத்தனை மேடையில் சிரிக்க வைத்திருக்கிறேன். பலகையில் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் குடம் குடமாக ஊற்றினார்கள். பல் கிடுகிடுத்தது. தை.நா. சிரித்தாள், சின்னப்பெண் மாதிரி. தாலி கட்டும்போது என் கண்ணில் தண்ணீர் வந்தது. குடத்துத் தண்ணீர் என்று நினைத்திருப்பார்கள்.

சந்தோஷமாக இருந்தது. இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

வடை, இரண்டு பாயசம். வயிறு ஒன்றும் செய்யவில்லை. பகலெல்லாம் தூங்கினேன். தந்தி ஞாபகம் மாலையில்தான் வந்தது. இங்கிருந்து கொடுத்தால் ஊர்ப் பெயர் விழும். விட்டுவிட்டேன்.

தை 12, சனி

ஸ்டேஷனில் ஒருவரும் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்தார்.

"நேத்து விடியக்காலம் லாரியில ஆளு கொண்டாந்து எறக்கிட்டாங்க சார். வீரையன அடிச்சுட்டாங்க. போய்ட்டான். மெட்ராஸ்ல உங்க எம்.எல்.ஏ. விடுதிக்கு டிரங்க் கால் போட்டோம், ரூமுக்கு வரலைன்னாங்க. மந்திரி கூடவே இருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டோம்."

பை கையிலிருந்து விழுந்தது. அவர் எடுத்துக் கொடுத்தார். பைக்குள் பட்டு வேட்டி இன்னும் ஈரமாக இருந்தது.

கீழத்தெரு. உடல் திருவாரூர் ஆஸ்பத்திரியில், அறுத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். அஞ்சலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள். யாராவது ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

வீரையன் தம்பி சொன்னது:

"எல்லாரும் கம்பு எடுத்துட்டோங்க. அண்ணன்தான் விடல. அய்யா நமக்காகத்தான் மெட்ராஸ்ல உக்காந்திருக்காரு, அவரு சொல்லு வர்ற வரைக்கும் ஒருத்தரும் வயல்ல எறங்கக் கூடாது, கலாட்டா ஆனா அங்க அவருக்குத்தான் கெட்ட பேருன்னுச்சு. தனியாப் போயி மதகுல லாரிய மறிச்சுச்சு. நாங்க பத்துப் பேரு கூட நின்னிருந்தா அடிச்சிருப்பானுங்களா?"

தலையில் ஒரே அடி.

எமன் திருக்கடையூரில் இல்லை. அந்த நேரம் எங்கள் ஊர் மதகடியில் நின்றிருக்கிறான். நான் பலகையில் உட்கார்ந்து என் உசுருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சாப்பிடவில்லை.

தை 13, ஞாயிறு

எடுத்தார்கள். நானும் தோள் கொடுத்தேன். பத்திரிகைக்காரன் படம் பிடித்தான். கீழத்தெருவில் அழுதுகொண்டே எனக்கும் வாழ்க சொன்னார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன், அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகச் சொன்னார்கள்.

பண்ணையாரை விடப் போவதில்லை. லாரி யாருடையது, அடித்தவன் யார், அனுப்பியவர் யார் என்று சட்டசபையில் பெயர் சொல்லிக் கேட்பேன். நிதி மூழ்கினால் மூழ்கட்டும். நேற்றே தம்பி வீட்டிலிருந்து வந்துவிட்ட தை.நா.விடம் சொன்னேன். "கேளுங்க" என்றாள். இரண்டு நாளாக அவள் புதுத் தாலியை ரவிக்கைக்குள்ளேயே வைத்திருக்கிறாள்.

தை 14, திங்கள்

பண்ணையார் வந்தார், கொல்லை வழியாக. நான் உட்காரச் சொல்லவில்லை, அவரே உட்கார்ந்துகொண்டார்.

"சட்டசபையில கேக்கப் போறீங்களாமே. கேளுங்க. அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னு அவங்களும் கேப்பாங்கல்ல?"

எழுந்து போய்க் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"திருக்கடையூர் ஏற்பாடெல்லாம் எப்படி? எங்க சம்பந்திக்கும் அதே வெள்ளிக்கெழமதான் அறுபது. உங்களப் பாத்தேன்னு ரொம்ப சந்தோசப்பட்டாரு."

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"வியாழக்கெழம ராத்திரியே போன் பண்ணிட்டாரு."

அதாவது லாரி வருவதற்கு முன்பே. மந்திரியிடம் யாரும் பேசவில்லை, யாரும் பேசப் போவதும் இல்லை என்று தெரிந்துதான் லாரியே வந்தது. இதை அவர் மறைக்கக்கூட இல்லை.

அவர் சொன்ன கணக்கு: அரைப்படியை அவர் கொடுத்துவிடுவார், இந்தப் போகத்திலேயே. போலீஸ் கேஸ் 'பெயர் தெரியாத வெளியூர் நபர்கள்' என்று இருக்கிறபடியே இருக்கட்டும். டெபாசிட் இருக்கிற இடத்தில் இருக்கும். திருக்கடையூரை அவர் மறந்துவிடுவார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. செத்தவன் கேட்டதும் அரைப்படிதானே?"

போன பிறகு தை.நா. உள்ளிருந்து வந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "என்னாலதானே" என்றாள். இல்லை என்றேன். இல்லைதான். அவள் கோயிலுக்குக் கூப்பிட்டாள். சென்னை என்று சொன்னது நான்.

பண்ணையாரைக் கொல்ல வேண்டும் போல இருக்கிறது. அவர் டெபாசிட்டை எடுத்தால் மறுநாள் காலை நிதி வாசலில் ஊரே நிற்கும். கடைத்தெரு ராவுத்தர் மகள் கல்யாணத்துக்குப் போட்டு வைத்தது, பள்ளிக்கூட ஆயாவின் பணம், எல்லாம் போகும். ஆனால் அதற்காக மட்டும்தான் யோசிக்கிறேன் என்று இங்கே எழுதினால் அதுவும் பொய். மேடையில் என்னைப் பார்த்து ஊர் சிரிப்பதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தை 15, செவ்வாய்

தாலுகா ஆபீஸ். மின்விசிறி ஓடவில்லை. அரைப்படி ஒப்பந்தம் ஆனது. நான், பண்ணையார், வீரையன் தம்பி, மூவரும் கையெழுத்து. தாசில்தார் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். எம்.எல்.ஏ. அவர்களின் சென்னைப் பயணத்துக்குக் கிடைத்த வெற்றி என்று பேசினார். நான் மறுக்கவில்லை.

சட்டசபையில் கேட்கப் போவதில்லை.

வயிறு. மருந்துக் கடை பூட்டியிருந்தது.

தை 16, புதன்

வெயில். அறுப்பு ஆரம்பம். மத்தியானம் அஞ்சலை வந்தாள், கொழுந்தன் துணைக்கு. நிதியில் கூட்டம் இல்லை. உட்காரச் சொன்னதும் தரையில் உட்கார்ந்தாள். இன்று சத்தம் போட எனக்கு வாய் வரவில்லை.

"மந்திரி என்னங்க சொன்னாரு?"

என்ன கேட்கிறாள் என்று முதலில் புரியவில்லை.

"அவரு கீழ விழுந்ததுக்கப்பறமும் தந்தி வந்துச்சா, தந்தி வந்துச்சான்னே கேட்டுக்கிட்டு இருந்தாரு. அதான் என்ன சொன்னாருன்னு தெரிஞ்சுக்கிட்டா…"

அரைப்படி நியாயம்தான், கொடுக்கச் சொல்கிறேன் என்று மந்திரி சொன்னார் என்றேன். தடுமாறாமல் வந்தது.

தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

"இன்னொண்ணுங்க. எங்க எம்மெல்லே மெட்ராஸ்ல மந்திரிகிட்ட பேசிக்கிட்டிருக்காரு, சாயந்தரம் வரைக்கும் பொறுத்துக்குங்கன்னுதான் அவரு லாரிய மறிச்சுச் சொன்னாராம். அதக் கேட்டுட்டு பண்ணையார் ஏசண்டு சிரிச்சானாம். லாரியில இருந்தவனுங்களும் சிரிச்சானுங்களாம். அதுல கோவப்பட்டுத்தான் இவரு கைய நீட்டிருக்காரு. எதுக்குங்கய்யா சிரிச்சானுங்க?"

தெரியவில்லை என்றேன்.