காயாத தரை

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளையை நான் வேண்டுமென்றே கொல்லைப்புறமாக வரச்சொன்னேன் என்று மயிலாடுதுறையில் பேசுகிறார்களாம். வீட்டைப் புதுப்பித்தபோது கூடத்தில் போட்ட சிவப்புத் தரை அன்று காயவில்லை, அதுதான் காரணம் என்று எல்லோரையும் திருத்தினேன்.

உனக்கு மட்டும் மீதியையும் சொல்கிறேன். மேஸ்திரி வைரக்கண்ணு இருபுறமும் செங்கல் வைத்து, தரையில் படாமல் பலகை போட்டிருந்தார். காலையில் உன் பெரியப்பா அதில் நடந்துதான் உள்ளே வந்தார்.

“மாப்பிள்ளை வர்ற நேரத்துல ஏம்மா பலகைய எடுக்கச் சொல்றீங்க?” என்று மேஸ்திரி கேட்டார்.

“எடுங்க” என்றேன்.

அந்தக் கொல்லைவாசலில்தான் மாப்பிள்ளையின் தாத்தா நெல்கூலிக்கு நின்றார் என்று எனக்குத் தெரியும்.

தரை காய்ந்து மூன்று மாதமாயிற்று. நான் இன்னும் கொல்லை வழியாகவே போய்வருகிறேன்.

முன்வாசல் வழியாக வருவாரா என்று மாப்பிள்ளையைக் கேள். போன் வேண்டாம், பதிலை எழுதி அனுப்பு.

உன் அம்மா