பீற்றர் உங்களைப் பின்தொடர்கிறார்

மே 20, செவ்வாய்

மழை. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினேன். இந்த வருஷம் இரண்டாவது குடை.

வேலையில் ஓட்ஸ் கஞ்சி அடிப்பிடித்தது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினொரு வருஷம், இதுதான் முதல் தரம். மனேஜர் பானையை மணந்து பார்த்துவிட்டு யன்னலைத் திறந்தாள்.

பத்தேகால் பிரேக். போனைத் திறந்தேன். மகன் ஆரூரன் இன்று சைக்கிளில்:
ஓசேர் – வெஸ்லே. 58 கி.மீ.
ஏற்றம் 690 மீற்றர்.
இதயத் துடிப்பு, சராசரி 141.

ஒரு படம். மேட்டு உச்சியில் பழைய தேவாலயம், கீழே மஞ்சள் வயல். ஆள் இல்லை. சைக்கிளும் அவனும் நிழலாக மட்டும். பெரிதாக்கிப் பார்த்தேன். மெலிந்திருக்கிறான். நிழலில் மெலிவு தெரியுமா என்று கேட்டால், பெற்றவளுக்குத் தெரியும்.

141 கூடவா குறைவா? அவன் அப்பா நாற்பத்தொன்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். மகனுக்கும் அதே நெஞ்சுதானே.

அவன் பிரான்சுக்குப் போய் இருபத்தொரு நாள். கனடா நம்பர் வேலை செய்யவில்லை. பிரான்ஸ் நம்பர் எனக்குத் தரவில்லை.

மே 21, புதன்

வாங்க: வெங்காயம், வாஷிங் பவுடர், குடை.

யாருக்கும் சொல்லாததை இங்கேயாவது எழுதிவிட வேண்டும். பாஸ்போட்டை ஒளித்தவள் நான். வேலையை விட்டுவிட்டு நாலு மாதம் தனியே பிரான்ஸ் முழுக்கச் சைக்கிள் ஓடப்போகிறேன் என்றான். மூன்று மாதமாக மறித்தேன், கேட்கவில்லை. போகிற அன்று காலை பாஸ்போட்டை அரிசிப் பைக்குள் ஆழத் தாட்டேன். பிளேன் போனால் எண்ணமும் போகும் என்று நினைத்தேன்.

மூன்று மணித்தியாலம் வீட்டைக் கவிழ்த்துத் தேடினான். நானும் கூடத் தேடினேன். கட்டிலுக்குக் கீழே ரோர்ச் அடித்துக்கூடப் பார்த்தேன்!

ஐந்தாம் நாள் சோறு போட அரிசி அளந்தவனின் கையில் அது வந்தது. சத்தம் போடவில்லை. "நீங்களும் சேர்ந்துதானே அம்மா தேடினனீங்கள்." அவ்வளவுதான். அதற்கு இரண்டாம் நாள் போய்விட்டான்.

தங்கச்சியின் மகள் மதுராதான், அவன் ஓடுகிற பாதை எல்லாம் ஒரு சைக்கிள் ஆப்பில் வருகிறது என்று வாய்தவறிச் சொன்னவள். அவள் இருக்கிற விட்பிக்குப் போய்க் காலைப் பிடிக்காத குறை. பீற்றர் என்ற பெயரில் ஒரு கணக்குத் திறந்து தந்தாள். "பெரியம்மா, திஸ் இஸ் சோ க்ரீப்பி. அவன் கண்டுபிடிச்சா நான் பொறுப்பில்லை."

மே 22, வியாழன்

மானம் போயிற்று. காலை பஸ்ஸில் ஆப்பைத் திறந்தபோது பெரிய வட்டப் பொத்தானை அமத்தியிருக்கிறேன். ஷெப்பேட் தெரு பஸ் போன பாதை முழுக்கப் பதிவாகி, "பீற்றர் சைக்கிள் ஓடினார்" என்று ஊருக்கெல்லாம் போய்விட்டது. 9.2 கி.மீ.

அழிக்கத் தெரியவில்லை. மதுரா மீற்றிங்கில்.

பிரேக்கில் பார்த்தால் ஆரூரன் பீற்றருக்குப் பெருவிரல் காட்டியிருக்கிறான்! கீழே ஒரு வரி: நல்ல வேகம், ஆனால் ஏன் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நிற்கிறீர்கள்?

மலசலகூடத்துக்குள் போய் இருந்து பதில் எழுதினேன். இங்கிலீஷில். முழங்கால் நோவு என்று.

மே 23, வெள்ளி

வெயில். வெஸ்லே – அவலோன். 24 கி.மீ. மட்டும். ஏன் குறைவு? காய்ச்சலா?

பீற்றருக்கு எழுதியிருக்கிறான்: முழங்காலுக்கு சீற்றை ஒரு சென்ரிமீற்றர் உயர்த்திப் பாருங்கள். நீங்கள் ஓடிய தெரு நான் வளர்ந்த இடம். அம்மா இன்னும் அங்கேதான்.

"அம்மா" என்று எழுதியிருக்கிறான். "மம்" இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் அம்மா.

பதில் எழுத அரை மணித்தியாலம். தனியாகப் போகிறீர்களே, அம்மா பயப்படமாட்டாவா? அனுப்பிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனேன்.

மே 26, திங்கள்

அவலோன் – செமுர். 43 கி.மீ. துடிப்பு 136. குறைந்திருக்கிறது, நல்லது. இந்த ஊரில் நாலு வட்டக் கோபுரம், கீழே ஆறு, கல்லுப் பாலம். ஒரு கோபுரத்தில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. எத்தனை நூறு வருஷமோ, விழவில்லை.

மூன்று நாளைக்குப் பிறகு பதில். அப்படியே தமிழில் எழுதி வைக்கிறேன்.

"பயப்படுவதுதான் அவவின் முழுநேர வேலை. அப்பா போனதிலிருந்து எங்கே நிற்கிறாய், எங்கே நிற்கிறாய் என்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இப்போது நான் எங்கே நிற்கிறேன் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இருபத்தாறு வயதில் முதல் தரம் நன்றாக நித்திரை கொள்கிறேன்."

பதினைந்து தரம் வாசித்தேன். நித்திரை கொள்கிறானாம். நல்லது. என் நித்திரையை எடுத்துக்கொண்டு போய்க் கொள்கிறான்.

கணக்கை மூடிவிடு என்று ஒரு மனம். மூடவில்லை.

மே 28, புதன்

செமுர் – டிஜோன் என்று தலைப்பு. 31 கி.மீ.யில் நிற்கிறது.

டிஜோனுக்கு எண்பதுக்குக் குறையாது என்று வரைபடம் சொல்கிறது. கோடு ஒரு மேட்டில் ஏறி, பிளாவினி என்ற ஊரைக் கடந்து, இறங்கி, வளைவில் நிற்கிறது. அங்கே ஊர் இல்லை. உச்ச வேகம் 64. படம் இல்லை.

மே 29, வியாழன்

ஒன்றுமில்லை.

மதுரா: "பெரியம்மா, அவன் சேவ் பண்ணினாத்தான் ஏறும். சோ ஹீ இஸ் ஃபைன்."

அப்படி இல்லை. ஆள் அசையாமல் கிடந்தால் கருவி தானாக நின்று தானாக ஏற்றும் என்று யூடியூப்பில் ஒருவன் சொல்கிறான். வெள்ளைக்காரன், சைக்கிள் கடை வைத்திருப்பவன். அவனுக்குத் தெரியாததா?

போன் வரைபடத்தின் தெருப்படத்தில் அந்த வளைவைப் போய்ப் பார்த்தேன். எந்த வருஷத்துப் படமோ. இரண்டு பக்கமும் மரம், வேலி, ஒரு வெள்ளை மாடு. வீதியோரம் பள்ளம். பள்ளத்துக்குள் பார்க்க விடாது அந்தப் படம். திருப்பித் திருப்பி அமத்தினேன். மாடு என்னையே பார்க்கிறது.

பீற்றர் எழுதினார்: நலமா? பதில் இல்லை. மதுராவும் தன் பெயரில் எழுதினாள். இல்லை.

மே 30, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

பாரிஸில் இருக்கிற ரவிக்கு எடுத்தேன். சித்தியின் மகன், ரெஸ்ரோறன்ரில் வேலை. பின்னால் கோப்பை கழுவுகிற சத்தம்.

"அக்கா, பிரான்ஸ் எண்டா பாரிஸ் மட்டும் எண்டு நினைச்சியளோ? அது இஞ்சயிருந்து முந்நூறு கிலோமீற்றர்."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு கோல் எடு ராசா. பொலிசுக்கு எடு."

"என்னெண்டு சொல்ல? இருபத்தாறு வயசுப் பெடியன் ரெண்டு நாளாச் சைக்கிள் ஓடேல்லை எண்டோ?"

ஆனாலும் எடுத்தான், பாவம். ஒரு மணித்தியாலத்தால் திருப்பி எடுத்து, டிஜோன் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரில் ஆள் இல்லை என்றான். பொலிஸ் காத்திருக்கச் சொன்னதாம். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகள் பற்றி அவனுக்குத் தெரியாது. பெயர் சொல்ல முடியாத நிலையில் ஒருவன் கிடந்தால் எந்தப் பெயரில் இருப்பான்? அதை நான் ரவியிடம் கேட்கவில்லை.

பிள்ளையாரே, கால் முறிந்திருந்தாலும் பரவாயில்லை. என்ன வேண்டுதல் இது!

மே 31, சனி

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அவனை எனக்குத் தெரியும். கவலைக்கு வாய் திறக்கமாட்டான், கெஞ்சினால் அறவே திறக்கமாட்டான். கோபம் வந்தால் மட்டும் திறப்பான். சின்னனிலிருந்தே அப்படி. உயிரோடு இருந்தால், கோபம் வர வைத்தால், ஏதாவது செய்வான்.

நான் அப்படிச் செய்தால் இந்தச் சின்ன யன்னலும் போய்விடும். பீற்றர் போய்விடுவார். செய்யாவிட்டால் நான் இந்த வளைவிலேயே இருந்து செத்துப்போவேன்.

காலை பதினொரு மணிக்கு எழுதினேன். தமிழிலேயே.

"ஆரூ, நான் பீற்றர் இல்லை. அம்மா. அது சைக்கிள் இல்லை, ஷெப்பேட் பஸ். நீ போன பாதை எல்லாம் பாத்தனான். நீ எழுதினதும் எனக்குத்தான் எழுதினனீ."

பிறகு "என்னை மன்னிச்சுக்கொள்" என்று ஒரு வரி. அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். ஒரு மாதத்துக்கு மேலாகத் தொண்டைக்குள் கிடந்த வரி. அதை வாசித்தால் இளகிவிடுவான். இளகினால் பேசாமல் இருந்துவிடுவான்.

அழித்தேன். அந்த இடத்தில் எழுதினேன்: "நீ திரும்பி வந்தாலும் பாஸ்போட்டை இன்னொருக்கா ஒளிப்பன்."

பொய். அனுப்பிவிட்டேன்.

மதியம்: இல்லை.
மூன்று மணி: இல்லை.
ஆறு மணி: இல்லை. அங்கே நடுச்சாமம், படுத்திருப்பான். படுக்கிற இடத்தில்தான் படுத்திருப்பான்.

ஜூன் 1, ஞாயிறு

நல்ல வெயில். பக்கத்து வீட்டில் புல்லு வெட்டுகிறார்கள்.

எழும்பியவுடன் போன். ஆரூரனின் பக்கம் திறக்கவில்லை. அப்படி ஒருவர் இல்லை என்று வருகிறது. அவனுக்கு எழுதியதும் இல்லை, அவன் எழுதியதும் இல்லை. கணக்கையே அழித்துவிட்டார்களோ, ஆள் இல்லாமல் போனால் இப்படித்தான் வருமோ?

மதுராவுக்கு எடுத்தேன். நித்திரைக் குரல். தன் போனில் பார்த்தாள்.

"எனக்குத் திறக்குது, பெரியம்மா." பிறகு, "ஹீ ப்ளொக்ட் யூ. சொறி."

"அது தானா நடக்குமோ?"

"இல்லை."

"வேறை ஆரும் செய்யேலுமோ? ஆஸ்பத்திரியில, பொலிசில?"

"இல்லை பெரியம்மா. அவன்தான் அமத்தோணும். வாசிச்சுப்போட்டு அமத்தியிருக்கிறான்."

குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். வாசித்திருக்கிறான். கண் தெரிகிறது, விரல் அசைகிறது, கோபம் வருகிறது. என் பிள்ளை உயிரோடு இருக்கிறான். சிரித்தேன். மதுரா நான் அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொல்லத் தொடங்கினாள். பிறகு உண்மையாகவே அழுதேன்.

நாலு நாளைக்குப் பிறகு சோறு. இரண்டு கோப்பை.

மதுரா திரும்ப எடுத்தாள். "நான் வேணுமெண்டா அவனுக்குச் சொல்லட்டே, நீங்கள் சொறி எண்டு?"

"வேண்டாம் பிள்ளை. அதையும் உனக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு சொன்ன மாதிரி இருக்கும்."

"அப்ப அவன் எங்க நிக்கிறான் எண்டாவது நான் பாத்துப் பாத்துச் சொல்லட்டே?"

வேண்டாம் என்றேன். மிகவும் கஷ்டப்பட்டுத்தான் சொன்னேன்.

அந்த அழித்த வரியை வாசலில் வைத்து, முகத்தைப் பார்த்து, நானே சொல்ல வேண்டும். அவன் வருகிற அன்றைக்கு.

வந்தால்.