முதல் அளவு

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பிரவீனா அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். குஜராத் வெயில் உங்களை எப்படி வைத்திருக்கிறது? தினமும் போனில் பேசுகிறவள் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். போனை எடுத்தாலே உங்கள் மகள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறாள். பிரதாப் தம்பி புதன்கிழமை உங்கள் பிளான்டுக்கு வருவதால் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

மருந்து கிடைத்துவிட்டது என்று மட்டும்தான் போனில் சொன்னேன். அரசாங்கக் குழு அதை ஓர் ஆண்டுக்குத்தான் கொடுத்திருக்கிறது. ஆண்டு முடிவில் மறுபடி அளப்பார்கள். கை, கால் வலு கூடியிருந்தாலோ, இப்போது இருப்பது போலவே நின்றிருந்தாலோ தொடரும். இறங்கியிருந்தால் நிறுத்திவிடுவார்கள்.

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைக்குத் தசை வலுவிழந்துகொண்டே போகிறது, இவர்கள் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே என்று. பெரிய டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இவள் ஒருத்தியின் மருந்துச் செலவில் எத்தனையோ பேருக்கு வேறு வைத்தியம் பார்க்கலாமாம். பலன் இருக்கிறது என்று காட்டினால்தான் அடுத்த பிள்ளைக்கும் கேட்க முடியுமாம். வெளியே பெஞ்சில் தேன்கனிக்கோட்டை சென்னம்மாள் தன் பையனை மடியில் வைத்துக்கொண்டு அதே மருந்துக்குக் காத்திருந்தார். அப்புறம் யாரிடம் போய்க் கோபப்படுவது?

மருந்து தொடங்கும் முன் அளவெடுக்கப் பெங்களூர் போன அன்று நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். பிளான்டில் ஆடிட் என்றால் பெயின்ட் அடித்து, எண்ணெய்க் கறையைத் துடைத்துப் பளபளவென்று வைப்பீர்களே, அந்தப் புத்தி! நன்றாகச் செய்தால்தான் மருந்து தருவார்கள் என்று சொல்லி, வீட்டிலேயே பழக்கிக் கூட்டிப்போனேன். அவளும் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அளவெடுத்த வினோதா என்ற பெண் எழுதாமல் எழுந்து வந்து, பிரவீனா போர்த்தியிருந்த சால்வையை விலக்கினாள். உள்ளே இடது கை வலது முழங்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. “அக்கா, இது பரீட்சை இல்ல. இன்னிக்கு இருக்கறதுக்கு மேல எழுதிட்டா, மருந்து வேலை செஞ்சாலும் அடுத்த வருஷம் இறங்கின மாதிரிதான் தெரியும். நிறுத்திடுவாங்க” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கைக்கு எட்டியதை நாமே தட்டிவிடப் பார்த்தோமே!

எங்களோடு உள்ளே வந்திருந்த சென்னம்மாள் என் காதருகே, “அப்பிடின்னா கொஞ்சம் கம்மியாவே காட்டச் சொல்லும்மா” என்றார். மனசு ஒரு நிமிஷம் ஆடத்தான் செய்தது. அதற்குள் உங்கள் மகளே, “முடிஞ்சத மட்டும் செய்யட்டுமாம்மா?” என்று கேட்டாள். செய் கண்ணு என்றேன். கை நெஞ்சு வரைதான் வந்தது. பார்க்க முடியவில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைத்தான் முதல் அளவாக எழுதினார்கள்.

எனக்குப் பயம் இல்லை. காலையில் முகம் சுளிக்காமல் மருந்தைக் குடிக்கிறாள். உங்கள் அம்மா ஊரில் சுடலைமாடனுக்கு நேர்ந்திருக்கிறார்களாம். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள், அதுவும் நடக்கட்டும். இவள் தேறுவாள் என்று என் மனசு அடித்துச் சொல்கிறது.

ஆனால் திரும்பி வரும்போது, அத்திப்பள்ளி தாண்டியதும் பஸ்ஸில் ஒன்று சொன்னாள். “அப்பாவுக்கு வீடியோல டாட்டா காட்டறப்பவும் இப்பிடித்தாம்மா இன்னொரு கையால தூக்கிவிடறேன். அப்பா சந்தோஷப்படறாங்கல்ல.”

அதற்காகத்தான் இந்தக் கடிதம். இனி அவளைக் கை தூக்கிக் காட்டச் சொல்லாதீர்கள். தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம். நீங்களே முதலில் டாட்டா காட்டுங்கள். அவள் கை எவ்வளவு எழுகிறதோ, அவ்வளவுக்கே வாய் நிறையச் சிரியுங்கள்.

உங்கள்
பூங்கொடி