குளத்தூர்ப் பயணத்தை உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன்

அண்ணாச்சி,

சனிக்கிழமை காலை உங்கள் மகள் என் வீட்டுக்கு வந்து, பையிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து உதறினாள். அந்த ரப்பர்ப் பொடியின் வாசனை மூக்கில் ஏறியது. நான் ஆம்புலன்ஸை விட்டு இறங்கி எட்டு வருஷமாகிறது. ஆனாலும் வாசனை வந்த கணத்தில், நீங்கள் டிரைவர் சீட்டில் இருப்பீர்கள் என்பதுபோல நிமிர்ந்து முன்னால் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

ஆம்புலன்ஸில் நான் பார்த்த அதே வேலைக்கான அவசர மருத்துவப் பயிற்சியை முடித்துவிட்டாள். என்னை நோயாளியாக உட்காரவைத்துப் பழகிப் பார்க்க வந்திருந்தாள். "பெரியப்பா, உங்க பேரென்ன? இது எந்த ஊரு? இன்னைக்கு என்ன கிழமை?" பேரும் ஊரும் சொல்லிவிட்டேன். கிழமையை வெள்ளி என்றேன். "நெனவு இருக்கு, ஆனா கொழம்பிப் போயிருக்காவன்னு எழுதிரட்டா?" என்று சிரித்தாள். உங்கள் சிரிப்பேதான்.

பிறகு என் கையிலிருந்து பிரஷர் பட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "திங்கக்கிழம வேலைல சேரச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு. அம்மா வேண்டாங்காவ. அப்பா உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காவ? அத மட்டும் சொல்லுங்க. அதும்படி செய்யுதேன்."

நாளைக்கு வா அம்மா, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நீங்கள் கண்மூடி ஐந்து மாதமாகிறது. உங்கள் சார்பில் பேச எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை.

ஏனென்றால் நீங்கள் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒருநாள், கயத்தாறில் லாரிகள் நிற்கும் டீக்கடையில், "எம்மவள இந்த வண்டில ஏறவே விட மாட்டேன் அண்ணாச்சி" என்றீர்கள். இன்னொரு நாள், வண்டி கழுவும்போது, "எம்மவ இதுக்கு வரணும். பொம்பளைகளுக்கு ஒரு பொம்பள வேணும்" என்றீர்கள். எது முதலில், எது பிறகு? கடைசியாகச் சொன்னதைத்தான் உங்கள் முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று மதியம் முழுக்க என் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். ஒவ்வொரு பயணத்துக்கும் நாடி, மூச்சு, சர்க்கரை, கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் எழுதியிருக்கிறேன். நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட எழுதி வைக்கவில்லை.

பசுவந்தனைப் பயணம் மட்டும் நோட்டு இல்லாமலே நினைவிருக்கிறது. பருத்தி எடுக்கப் போன லோடு ஆட்டோவிலிருந்து ஒரு அம்மாள் விழுந்து தலையில் வீங்கியிருந்தது. பேர் சொன்னார், ஊர் சொன்னார். வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். தலைக்காயம், குழப்பம் என்று எழுதிவிட்டு, நேரே திருநெல்வேலிக்கு விடச் சொன்னேன். நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவரிடம் குனிந்தீர்கள். "பெரியம்மா, ரேஷன் கார்டுல யாரு பேரு போட்டிருக்கு?"

"அங்கன வேட்டிய மடிச்சுக் கெட்டிக்கிட்டு நிக்காவல்லா, அவிய பேருதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "புருசன் பேரச் சொல்ல மாட்டோம்னு இந்தப் படிச்ச பிள்ளைக்குத் தெரியலயே" என்றார் அந்த அம்மாள். எனக்கு அப்போது ஐம்பது வயது. திருநெல்வேலி வேண்டியிருக்கவில்லை. கோவில்பட்டியிலேயே காட்டிவிட்டு அனுப்பினோம்.

அன்று முதல் நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். கிராமத்துப் பெண் பேசவில்லை என்றால் அதைக் குழப்பம் என்று எழுதக்கூடாது, கூச்சமாக இருக்கலாம். நல்ல விதி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த விதிதான் குளத்தூரில் என்னைக் கவிழ்த்தது.

அந்தப் பக்கத்து வண்டி வேறொரு நோயாளியோடு போயிருந்ததால் நம்மை அனுப்பியிருந்தார்கள். உப்பளத்து வேலைக்குப் போய் வந்த ஒரு அம்மாள், ஐம்பத்தைந்து வயதிருக்கும். மயக்கம் என்றார்கள். கண் திறந்துதான் இருந்தது. பேர் கேட்டேன், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காலையில் என்ன சமைத்தீர்கள் என்றேன். லேசாகச் சிரித்ததுபோல் இருந்தது. "அவ ஆம்பளையாளுக கிட்டப் பேச மாட்டா சார், கூச்சம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நானும் கூச்ச சுபாவம் உள்ளவன். அத்தனை பேர் முன்னால் ஒரு பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிப் பார்க்க எனக்குத் தயக்கமாக இருந்தது. பிரஷர் பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன், ஏற்றச் சொன்னேன். பக்கத்தில் இருக்கிறதே என்று விளாத்திகுளம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

பாதி வழியில் நீங்கள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டீர்கள். "அண்ணாச்சி, கூச்சப்படுத பொம்பள, முந்தான நழுவுனா எடுத்து விடாம இருப்பாவளா?"

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது நழுவியிருக்கிறது. கூட வந்த அவர் மருமகள்தான் எடுத்துப் போட்டிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. அவர் வலது கையைத் தூக்கிப் பிடித்து விட்டேன். கட்டைபோல் விழுந்தது. பக்கவாதம். நீங்கள் உடனே வண்டியைத் திருப்பி, வந்த வழியே தூத்துக்குடிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டீர்கள். அங்கே மருத்துவர் முதலில் கேட்டது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைத்தான். மருந்து கொடுக்கலாமா என்பது அந்த நேரத்தைப் பொறுத்தது. மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அதை ஊரில் யாரிடமும் கேட்டே இருக்கவில்லை.

உயிர் பிழைத்தார். பேச்சு திரும்பவில்லை என்று பிறகு தெரிந்தது. நேரே தூத்துக்குடிக்குப் போயிருந்தால் திரும்பியிருக்குமா? ஆம் என்று சொல்ல யாரும் இல்லை, இல்லை என்று சொல்லவும் யாரும் இல்லை.

திரும்பி வரும்போது நீங்கள் சொன்னீர்கள். "ஏத்தும்போதே பாத்துட்டேன் அண்ணாச்சி. படிச்சவிய, ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும், நா சொல்லப்படாதுன்னு இருந்துட்டேன்." அதற்குப் பிறகுதான் கயத்தாறுப் பேச்சா? அல்லது அந்தப் பேச்சு அதற்கும் முன்பா? பெண்ணுக்குப் பெண் வேண்டும் என்று நீங்கள் சொன்னது அந்த உப்பளத்து அம்மாளை நினைத்துத்தானா? எத்தனை முறை யோசித்தாலும் வரிசை கலைந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். இரண்டு பேச்சையும் சொன்னேன். எது கடைசி என்று தெரியாது என்பதையும் சொன்னேன். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குளத்தூரை மறைத்துவிட்டு யோசனை சொல்வது முறையில்லை என்று தோன்றியதால் அதையும் சொன்னேன். நீங்கள் பார்த்தும் சொல்லாமல் இருந்ததை மட்டும் விட்டுவிடலாமா என்று தயங்கினேன். விடவில்லை. மன்னியுங்கள்.

அவள் பையை மடியில் இழுத்து வைத்து ஜிப்பை மூடினாள். பயந்துவிட்டாள், போக மாட்டாள் என்று நினைத்தேன். ஆறுதல்கூட வந்தது எனக்கு.

"நானா இருந்தா, முந்தானைய எடுத்து விட என் கை தானாப் போயிருக்கும் பெரியப்பா" என்றாள். "அந்தக் கை கெடக்குத கெடைலயே தெரிஞ்சிருக்கும்."

பிறகு எழுந்து, "சேருதேன். அம்மாகிட்ட நீங்க வந்து பேசுங்க" என்றாள். நான் போய்ப் பேசினேன். என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு உங்கள் வீட்டு மதினி காப்பி போட்டுத் தந்தார்கள்.

கிளம்பும்போது வாசலில் அவள், "எனக்குன்னு ஒண்ணு சொல்லுங்க" என்றாள். முப்பது வருஷம் படித்ததும் பார்த்ததும் இருக்க, ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது. நோயாளியை ஏற்றிக் கதவைச் சாத்துமுன் டிரைவரிடம், உங்களுக்கு என்ன தெரியுது என்று கேள். அவர் படித்தவரா என்று பார்க்காதே.

குளத்தூருக்கு முன் அதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஒரு பயணத்திலும் கேட்காமல் இருந்ததில்லை. பெரும்பாலும் நீங்கள் நோயாளியை ஒருமுறை தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, போவோம்" என்பீர்கள். நான் செய்தது சரியா தப்பா என்று தெரியாமல் கிடக்கும்போதெல்லாம், இப்போதும் அந்த "போவோம்" வருகிறதா என்று காது கொடுத்துப் பார்க்கிறேன்.