எழுந்தவள் சாயா வாங்க வேண்டும்

அன்புள்ள மகன் ஷைஜுவுக்கு, வடகரையிலிருந்து அம்மா எழுதுவது. லோகனார்காவு அம்மையின் கருணையால் நானும் உன் அச்சனும் இங்கே சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. கடைசியில் வேறொன்று கேட்பேன், அதற்கு மட்டும் ஒளிக்காமல் பதில் வேண்டும். கையில் போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போன வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டு, போராட்டமெல்லாம் நமக்கு வேண்டாம், பேசாமல் கடைக்குள் போய் வேலையைப் பார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். இன்று என்ன மீன் என்று கேட்காமல் நீ இந்த நான்கு வருஷத்தில் போனை வைத்ததே இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது, உன் பக்கத்தில் உன் முதலாளி நின்றுகொண்டிருந்தார். அதனால்தான் எழுதி, பக்கத்து வீட்டு நர்ஸ் சிந்து செவ்வாய்க்கிழமை ஷார்ஜாவுக்குத் திரும்பும்போது அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன், தனியாக இருக்கும்போது படி.

உன் முதலாளி எங்கள் முதலாளியின் மச்சான், உனக்கு விசா எடுத்துக் கொடுத்ததும் எங்கள் முதலாளிதான், அதெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் இங்கே நடந்தது என்ன என்று அவர்கள் சொல்லி நீ கேட்டிருப்பாய், நான் சொல்லியும் கேள். நீ போன பிறகு எங்கள் ஜவுளிக்கடை மூன்று மாடி ஆகிவிட்டது, கக்கூஸ் மட்டும் ஒன்றுகூடக் கட்டவில்லை. எதிர் ஓட்டலில் கெஞ்சித்தான் போக வேண்டும், அதற்கும் அனுமதி வேண்டும், அதனால் நாங்கள் யாரும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. சம்பளம் அரசாங்கம் சொன்னதில் பாதி, கையெழுத்து மட்டும் முழுசுக்கு. காலையில் நிற்கத் தொடங்கினால் கதவு சாத்தும்வரை நிற்க வேண்டும், உட்காரக் கூடாது, சுவரில் சாயவும் கூடாது, மேலே காமிரா. பட்டுப் பிரிவில் ஜிஷா என்று ஒரு பெண், வயிற்றில் ஆறு மாதம். போன மாதம் கூட்டமான நேரத்தில் அவள் தலை சுற்றி அலமாரிமேல் கொஞ்சம் சாய்ந்தாள். தள்ளுபடி அறிவிக்கிற மைக் இருக்கிறதல்லவா, அதில் முதலாளியின் குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. "ஜிஷா, அலமாரி உங்க வீட்டுச் சீதனமாடீ, சாஞ்சுக்கிட்டு நிக்கறதுக்கு?" என்றார். புடவை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் நிமிர்ந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை, நான் பிரித்துப் போட்ட புடவைகள்மேலேயே விழுந்துவிட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, தெய்வம் காப்பாற்றியது. ஆனால் மறுநாள் அவளை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது மகனே, இப்போதும் எரிகிறது.

கதீஜாவை உனக்கு நினைவிருக்கும், முன்பு எங்கள் கடையில் இருந்து எதிர்த்துப் பேசியதற்காக வெளியேற்றப்பட்டவள், இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். இந்தத் தெருக் கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து அவள்தான் சங்கம் தொடங்கியிருக்கிறாள். ஜிஷாவை அழைத்துக்கொண்டு அவளிடம் போனோம். ஜிஷாவுக்குத் திரும்ப வேலை, முழுச் சம்பளம், ஒரு கக்கூஸ், ஆளில்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல், இவ்வளவுதான் கேட்டோம். கிடைக்கும்வரை கடை வாசலில் உட்காருவது என்று முடிவாயிற்று. உன் அச்சன் வாழ்நாளெல்லாம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, பெரிய சங்கத்துக் கொடி பிடித்த மனுஷன், அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "உட்கார்றதுக்குப் போராடற தொழிலாளியை இப்பத்தான்டி பாக்கறேன். அடுத்தது என்ன, படுக்கறதுக்கா?" என்று கேட்டார். அன்று அவருக்கு வெறும் கஞ்சிதான் வைத்தேன், தொட்டுக்கொள்ள ஒன்றும் கொடுக்கவில்லை.

முதல் நாள் நடந்த மானக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அங்கே அந்தப் படம் வந்திருக்கும். கர்க்கடக மாதத்து மழை, தலைக்குமேல் பிளாஸ்டிக் கட்டி, வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளியின் வெள்ளைக் கார் வந்து நின்றது. அவ்வளவுதான், யாரும் யாருக்கும் சொல்லவில்லை, நாங்கள் அத்தனை பேரும் மடமடவென்று எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, கைகட்டி நின்றுவிட்டோம்! கால் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை மகனே, அத்தனை வருஷப் பழக்கம். முதலாளி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். மறுநாள் பேப்பரில் உட்காரும் போராட்டம் என்று தலைப்பு, கீழே எல்லோரும் நிற்கிற படம். உன் அச்சன் அதை மார்க்கெட் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். எனக்குத் தூக்குப் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. கதீஜா மட்டும் கோபப்படவில்லை. நிற்கப் பழக்கினார்கள் அல்லவா, இனி உட்காரப் பழகுவோம் என்றாள். அன்றிலிருந்து அவள் திடீர் திடீரென்று முதலாளி வருகிறார் என்று கத்துவாள், எழுந்தவள் எல்லோருக்கும் டீக்கடையில் சாயா வாங்க வேண்டும். அதிகம் சாயா வாங்கியவள் உன் அம்மாதான்.

இப்போது முக்கியமான விஷயம். நீ போன் பண்ணியதற்கு மறுநாள் முதலாளி காரில் வரவில்லை, கடைக்குள்ளிருந்து குடை பிடித்துக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றார். கையில் போன். "விலாசினி, எழுந்து இப்படி வா. ஷார்ஜாவில இருந்து உனக்குத்தான்" என்றார். என் கால் தானாக ஊன்றி எழப் பார்த்தது, பொய் சொல்ல மாட்டேன். ஜிஷா என் பக்கத்தில் இருந்தாள். நான் கையை மட்டும் நீட்டி, "இங்க குடுங்க முதலாளி" என்றேன். அவர் குடையோடு குனிந்து கொடுத்தார். இருபது வருஷத்தில் அந்த மனுஷர் குனிந்து நான் பார்த்ததில்லை. போனில் உன் முதலாளி, குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது. "சேச்சி, ஷைஜு தங்கமான பையன். அவனை நான் எதுக்குத் திருப்பி அனுப்பணும், நீங்களே சொல்லுங்க" என்றார். "அவன் தப்பு செஞ்சா அனுப்புங்க சார். நான் உட்கார்ந்ததுக்கு அவன் என்ன பண்ணுவான்?" என்றேன். ஓணம் தொடங்கும் அத்தம் நாள் பிறப்பதற்குள் நான் வேலைக்குத் திரும்பாவிட்டால் உனக்கு டிக்கெட் போட்டுவிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். உட்கார்ந்தபடியே போனைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று யாரும் எழவில்லை, சாயா வாங்க ஆளில்லை, கதீஜா தன் காசில் வாங்கினாள். என் பங்கை நான் ஜிஷாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அச்சனிடம் சொன்னேன். கேலி பண்ணுவார் என்று பார்த்தேன், பண்ணவில்லை. காலையில் மார்க்கெட்டிலிருந்து காலிச் சாக்குகளைக் கொண்டுவந்து எங்கள் பாய்க்கு அடியில் விரித்துவிட்டு, ஈரத்துல உட்கார்ந்தா வாதம் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஓணத்துக்கான சரக்கு லாரி நேற்று வந்தது. அவரும் அவர் கூட்டாளிகளும் ஒரு துணி பேல்கூட இறக்கவில்லை. லாரி தார்ப்பாய் அவிழ்க்காமல் அப்படியே தெருவில் நிற்கிறது. ஓண வியாபாரம் போனால் முதலாளிக்கு வருஷமே போன மாதிரி. அதனால் உன்மேல் இனி சூடு கூடத்தான் செய்யும். ஏதாவது சாக்குச் சொல்லி உன் முதலாளியிடம் இருக்கும் உன் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள். யாரிடமும் வாய் கொடுக்காதே, வேளைக்குச் சாப்பிடு.

இரண்டு ராத்திரியாக இதையேதான் யோசிக்கிறேன். இது உன் சோறு, உன்னைக் கேட்காமல் அதைப் பணயம் வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நம் வீட்டில் கூரை போடாத அந்த அறையும் பேங்குக் கடனும் எனக்கும் தெரியும். நான் எழுந்து உள்ளே போனால் ஜிஷா முகத்தில் எப்படி விழிப்பேன், அதுவும் தெரியும். அப்போதுதான் நீ பெருநாளுக்கு அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறாய், நல்ல சட்டை, எல்லோரும் அழகு என்றார்கள். நான் உன் காலைப் பார்த்தேன். உடம்புப் பாரமெல்லாம் ஒரு காலில், மற்றதை அந்தக் கணுக்காலில் ஏற்றிக் கொக்கு மாதிரி நிற்கிறாய். மத்தியானம் தாண்டினால் நாங்கள் நிற்கிற நிற்பு அது, வேறு யாருக்கும் வராது. உனக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன், தெரியவில்லை.

இதுதான் நான் கேட்பது. அங்கே உனக்கு உட்கார ஒரு நாற்காலி உண்டா? உண்டென்றால் அத்தத்துக்கு முன்னால் நான் எழுந்து உள்ளே போகிறேன், என்னைத் துப்புகிறவர்கள் துப்பட்டும், உன் வேலை நிலைக்கட்டும். இல்லையென்றால் நீயும் நானும் ஒரே கடையில்தான் நிற்கிறோம், பிறகு யாருக்காக நான் எழுந்திருக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது உன் பக்கத்தில் உன் முதலாளி நிற்பார். நாற்காலி இருந்தால் அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டு வைத்துவிடு. இல்லையென்றால் கடைசியில் இன்று என்ன மீன் என்று மட்டும் கேள், அவருக்கு ஒன்றும் புரியாது.

எந்தப் பதிலானாலும் எனக்கு உன்மேல் வருத்தம் கிடையாது, அம்மையின் துணை உனக்கு எப்போதும் உண்டு, நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வறுவலைச் சிந்துவுக்கும் கொஞ்சம் கொடு. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

சாக்கின்மேல் உட்கார்ந்தபடி,
உன் அம்மா
விலாசினி

நாற்காலி உண்டு என்று என் மனசுக்காகப் பொய் சொல்லிவிடாதே. வெள்ளிக்கிழமைக்கு மத்தி மீன் வாங்கி வைக்கப்போகிறேன்.