ஆரபி களத்தில் நின்ற நிமிடங்கள்

2025 நவம்பர் 8, சனி, முற்பகல் 11.25

ஆரபி களத்தில் நின்ற நேரம்: 9 நிமிடம் 40 விநாடி. மூன்று தரம் உள்ளே போனாள், மூன்று தரம் வெளியே வந்தாள்.

போட்டி முப்பது நிமிடம். களத்தில் ஆறு பேர், அணியில் பத்துப் பேர். 30 × 6 ÷ 10 = 18. ஆளுக்குப் பதினெட்டு. ஒன்பது வயதுப் பிள்ளைகளின் ஹான்ட்போலில் எல்லாருக்கும் சம நேரம் என்பது கழகத்தின் விதி. பருவத் தொடக்கக் கூட்டத்தில் ட்ரேனர் எமிலியாவே அதை வாசித்துக் காட்டினார். அவருடைய மகள் யோசெப்பின் இன்றைக்கு 21 நிமிடம் நின்றாள். அதையும் எழுதியிருக்கிறேன்.

ஆரபி உடுப்பு மாற்றிக்கொண்டு வரும்வரை காருக்குள் இருந்து எழுதுகிறேன். பேனை ஜாக்கெட்டின் வலது பொக்கற்றைத் துளைத்துவிட்டது. சீற்றுக்கு அடியில் தேடி எடுத்தேன்.

ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு முறையும் வெளியே வர முதல் ட்ரேனரிடம் ஓடிப்போய் ஏதோ சொல்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் விடச் சொல்லிக் கேட்கிறாளாக்கும். பாவம்.

அதே நாள், பிற்பகல்

வழமைபோல வரும் வழியில் ஆரபிக்கு நிமிடக் கொப்பியில் உள்ளதைச் சொன்னேன். விட்ட பாஸ் இரண்டு. கோலுக்கு எறிந்தது ஒன்று, கோல் இல்லை. திரும்பி ஓடாமல் நின்றது ஒன்று. மொத்தப் பிழை நான்கு. 

"விளங்குதே?"

"ஓம் அப்பா."

அளக்காமல் எதையும் திருத்த முடியாது. லிஃப்ட் திருத்தும் வேலைக்குப் புதிதாக வரும் பெடியன்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மனைவி தக்ஷாயினி முதியோர் இல்லத்தில் பகல் வேலை முடித்து வந்தாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தேன். புட்டு கொஞ்சம் கட்டிபட்டுவிட்டது. தண்ணீர் கூடிவிட்டது. சாப்பிடும்போது நிமிடக் கணக்கைக் காட்டினேன். அவள் கொப்பியைத் தொடவே இல்லை.

"நீங்கள் மச் பாக்கப் போறியளோ, இன்ஸ்பெக்சனுக்குப் போறியளோ?"

"நீர் ஒரு நாளும் வந்து பாக்கேல்லை. உமக்குத் தெரியாது."

"எனக்குச் சனிக்கிழமை வேலையப்பா. உங்களுக்கு என்ன வருத்தம்?"

பிறகு கீழ்வீட்டு யோசேப்பு அண்ணையை வாசலில் கண்டேன். அவருக்கும் சொன்னேன். பஸ் ஓட்டிக் களைத்த முகம் திடீரென்று இறுகிற்று. "தம்பி, என்ர பெடியனை ரெண்டு வருசம் விளையாட விடாமல் வாங்கிலை இருத்தி வைச்சவை. நான் வாய் திறக்கேல்லை. இண்டைக்கும் அவன் என்னோடை அதைப்பற்றிக் கதைக்கிறேல்லை. நீ திற."

நான் பதின்மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த வருடம், ஒரு பருவம் முழுக்க என் ஃபுட்போல் சட்டை வேர்வையில் நனையவில்லை. நான் விளையாடினேன் என்று அம்மா நினைக்கட்டும் என்று சும்மா தண்ணீரில் நனைத்துத் தோய்க்கப் போட்டேன். இதை யாருக்கும் சொன்னதில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

பயிற்சி. கூட்டிவரப் போனபோது கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். அவள் என்னைக் காணவில்லை. கத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டு ஓடுகிறாள். ஆகவே காலில் பிழை இல்லை, மூச்சில் பிழை இல்லை.

நவம்பர் 15, சனி

7 நிமிடம் 15 விநாடி.

பிழை இரண்டுதான். "நல்ல முன்னேற்றம்" என்று சொன்னேன். காருக்குள் முதல் தடவையாகச் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு திறமாக விளையாடுகிற பிள்ளையை ஏன் இருத்துகிறீர்கள்?

நவம்பர் 16, ஞாயிறு, காலை 10.05

மடல் அனுப்பினேன். நான் பார்த்த நான்கு போட்டிகள், பத்துப் பிள்ளைகளின் பெயர், நிமிடம், சராசரி. ஆரபியின் வரிக்குச் சிவப்பு. கடைசியில் ஒரு வசனம்: "இதற்கு விளக்கம் தேவை." ட்ரேனருக்கு மட்டுமில்லை, எல்லாப் பெற்றோருக்கும். மறைத்துக் கதைத்தால் மறைந்துபோகும்.

தக்ஷாயினிக்கு அனுப்பிய பிறகுதான் காட்டினேன். வாசித்தாள். "மற்றப் பிள்ளையளின்ர பேரையும் போட்டிருக்கிறியள்" என்றாள்.  சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெங்காயம் வெட்டினாள். நேற்றைய கறி அப்படியே இருக்கிறது. எதற்கு வெங்காயம்?

நவம்பர் 17, திங்கள்

ஆறு பதில்கள். ஒரு தகப்பன்: என் மகளின் பெயரை உடனே எடுக்கவும். ஒரு தாய்: என் மகள் 13 நிமிடம் என்பதைப் பார்த்து அழுதாள், நேற்றுவரை அவளுக்கு அது தெரியாது. மூன்று பேர், இந்த வயதில் யாரும் எண்ணுவதில்லை என்று மூன்று விதமாக.

ஆறாவது எமிலியா: "புதன் 17.30க்கு மண்டபத்துக்கு வாருங்கள். நேரில் கதைப்போம்."

ஒருவரும் கணக்குப் பிழை என்று சொல்லவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஆரபி பயிற்சிக்குப் போகவில்லை. வயிற்றுக் குத்தாம். சப்பாத்துப் பை வாசலில் அப்படியே கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரோ அந்தப் பட்டியலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

"அப்பா, நான் இனி ஹான்ட்போலுக்குப் போகேல்லை."

"ஆர் என்ன சொன்னது? பேரைச் சொல்லு."

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன்?"

போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். 30ஆம் தேதி பெரிய கப். பத்து அணிகள் வருகின்றன. வருகிறாளா இல்லையா என்று இந்த ஞாயிறு இரவு எட்டு மணிக்கு முதல் பதில் போட வேண்டும். போடாவிட்டால் அவளுடைய இடம் வேறு பிள்ளைக்கு. இரண்டு வருடம் ஆசையாகப் போனவள். நான் பாதுகாக்கப் போய் — என்ன செய்துவிட்டேன்? பிழை என்னுடையதா? இல்லை. இருத்தியது அவர்கள்.

நவம்பர் 19, புதன்

பகல் முழுக்க அம்மருட்டில், மாடிக் கட்டடம் ஒன்றில். லிஃப்ட் கதவு மூடப்போய்த் திரும்பத் திறக்கிறது, திரும்பத் திரும்பத் திறக்கிறது. ஒன்றரை மணி நேரம் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்து ஒவ்வொரு இணைப்பாக அளந்தேன். எல்லா அளவும் சரி. கடைசியில் பார்த்தால் கதவின் கீழ்த் தடத்தில் ஒரு குழந்தையின் கையுறை.

17.30. மண்டபம். எமிலியா கோபமாக இருப்பார் என்று நினைத்துப் போனேன். பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"உங்கள் எண்கள் சரி" என்றார்.

பிறகு தன்னுடைய தாளை மேசையில் வைத்தார். அவரும் குறிக்கிறார், சமமாகப் பிரிப்பதற்கு. ஒக்டோபர் 25: ஆரபி 19 நிமிடம். நவம்பர் 1: 18 நிமிடம். அந்த இரண்டு சனியும் எனக்கு வாக்ட். லிஃப்ட்டுக்குள் யாராவது மாட்டினால் ஓடவேண்டிய முறை. யோசெப்பினின் தகப்பன்தான் ஆரபியைக் கூட்டிக்கொண்டு போனார்.

"நீங்கள் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்து பார்க்கிற நாட்களில் மட்டும் என்னிடம் வந்து வெளியே எடுக்கச் சொல்கிறாள். வயிற்றுக் குத்து என்கிறாள். அப்பாவுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டாள், நானும் ஒத்துக்கொண்டேன். அது என் பிழை. அப்போதே உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும்."

நான் கேட்ட ஒரே கேள்வி: "அவளுக்குப் பதிலாக யாரை விடுவீர்கள்?"

"பெரும்பாலும் யோசெப்பினை. பக்கத்தில் இருப்பவள் அவள்தானே."

21 நிமிடம். சரி.

காரில் இருபது நிமிடம் இருந்தேன். இயந்திரத்தைப் போடவில்லை. சரியான குளிர்.

நவம்பர் 20, வியாழன்

தக்ஷாயினிக்குச் சொன்னேன். "எனக்கு அரைவாசி தெரியும்" என்றாள். அப்ப ஏன் சொல்லேல்லை என்று கேட்டேன். "சொன்னனான். இன்ஸ்பெக்சன் எண்டு சொன்னனான். நீங்கள் தண்ணி கூட, புட்டு கட்டி எண்டு எழுதிக்கொண்டு இருந்தனீங்கள்."

நவம்பர் 21, வெள்ளி

கப் நடக்கும் நாளில் கியோஸ்க்கில் சாப்பாடு விற்கும் வேலை பெற்றோருடையது. எங்கள் வீட்டின் முறையும் வந்திருக்கிறது. ஆரபி போனாலும் போகாவிட்டாலும் டுக்னாட் டுக்னாட்தான், கழகத்துக்குச் செய்யும் கூலியில்லாப் பொதுவேலை, ஆள் போகவேண்டும். ரோல்ஸ் செய்து ஃப்ரீசரில் வைக்கலாம் என்று தக்ஷாயினி உருளைக்கிழங்குக் கறி பிரட்டி வைத்துவிட்டு மாலை வேலைக்குப் போனாள். நான் சுருட்ட, ஆரபி முட்டையில் தோய்த்துப் பாண்தூளில் பிரட்டினாள். கைக்கு வேலை இருந்தால் அவள் கதைப்பாள் என்று தாய் சொல்லிவிட்டுப் போனாள்.

பத்துப் பன்னிரண்டு ரோல்ஸ் முடிந்தது. பிறகு அவளாகவே:

"எமிலியா சொல்லிப்போட்டாவோ?"

"ஓம்."

"கோபமோ?"

"இல்லை. ஏன் பிள்ளை வெளியாலை வாறனீ? அதை மட்டும் சொல்லு."

பாண்தூள் கையால் மூக்கைத் துடைத்தாள்.

"கனக்க நேரம் நிண்டா கனக்கப் பிழை வரும். வாங்கிலை இருந்தா வராது."

"ஆர் உனக்கு அப்பிடிச் சொன்னது?"

"நீங்கள்தானே எழுதுறியள். ஒன்பது நிமிசம் நிண்ட அண்டைக்கு நாலு பிழை. ஏழு நிமிசம் நிண்ட அண்டைக்கு ரெண்டு. நல்ல முன்னேற்றம் எண்டு சொன்னீங்கள்." கொஞ்சம் யோசித்துவிட்டு: "நிக்காமலே விட்டா சைபர்."

கணக்கில் பிழை இல்லை. நான் கொடுத்த அளவுகோலுக்கு இவள் கண்ட வழிதான் மிகச் சரியான வழி. ஒன்பது வயதில் கண்டுபிடித்திருக்கிறாள்.

 கையிலிருந்த ரோல்ஸ் பிரிந்து கறி மேசையில் கொட்டியது. அவள் சிரித்தாள். "அப்பா, ஒரு பிழை" என்றாள்.

ஒன்றில்லை பிள்ளை. கனக்க.

நவம்பர் 22, சனி

எல்லாப் பெற்றோருக்கும் மடல். இந்த முறை அட்டவணை இல்லை. நான்கு வசனம்: உங்கள் பிள்ளைகளின் பெயரைப் போட்டது பிழை. எமிலியா சமமாகத்தான் விடுகிறார். காரணம் என் வீட்டில் இருந்தது. மன்னிக்கவும். மூன்றாவது வசனத்தை எழுத முக்கால் மணி நேரம் எடுத்தது. அனுப்ப முதல் தக்ஷாயினிக்குக் காட்டினேன்.

மதியம் யோசேப்பு அண்ணைக்கும் விளக்கினேன். நம்பவில்லை. "உன்னை மடக்கிப்போட்டினம் தம்பி" என்றார். அவருடைய மகனுக்கு நடந்தது உண்மை. எனக்கு நடந்ததும் உண்மை. ஆரபிக்கு நடந்தது வேறு. இதை அவருக்கு எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்னும் பதில் போடவில்லை.

19.10. கேட்கக்கூடாது என்று தக்ஷாயினி கண்ணால் சொல்கிறாள். கேட்கவில்லை. இரண்டு தரம் குசினிக்குப் போய் வந்தேன்.

19.40. ஆரபி என் தொலைபேசியைக் கேட்டாள். எடுத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் எங்கை இருப்பியள்?"

"கியோஸ்க்கிலை. வாஃபிள் சுடுறன்."

"அங்கையிருந்து களம் தெரியுமோ?"

"தெரியாது. நடுவிலை சுவர்."

"போய் பாத்தனீங்களோ?"

"புதன்கிழமை பாத்தனான். சுவர்தான்."

"கொப்பி?"

நிமிடக் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். தன் பாடசாலைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். "மிச்சத் தாளிலை படம் கீறலாம்" என்றாள்.

19.52. "வருகிறேன்" என்பதை அழுத்தினாள்.

நவம்பர் 30, ஞாயிறு, பிற்பகல் 3.10

வாஃபிள் 64. ரோல்ஸ் 40, பதினொன்றரைக்கே முடிந்துவிட்டது. ஆரபி களத்தில் நின்ற நேரம்: தெரியாது.

சுவருக்கு அந்தப் பக்கம் விசில், கைதட்டல், காலடி. ஒவ்வொரு முறை கூட்டம் "ஓ" என்று கத்தும்போதும் எனக்குக் கை நின்றுவிடும். மூன்று வாஃபிள் கருகியது. பக்கத்தில் நின்ற, பதின்மூன்று நிமிடப் பிள்ளையின் தாய் காலையில் என்னோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. கருகின மூன்றாவதைத் தானே எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "போய்ப் பார்க்க வேண்டுமென்றால் போங்கள், நான் நிற்கிறேன்" என்றார். இல்லை என்றேன். எங்கள் மாக்கலவையில் ஏலக்காய் கொஞ்சம் கூடவாம். தக்ஷாயினி இடித்தது, அப்படித்தான் இருக்கும் என்றேன். சிரித்தார்.

இரண்டு மணிக்கு ஆரபி வந்தாள். முகம் சிவந்து, தலைமயிர் நெற்றியில் ஒட்டி, சட்டை முதுகோடு நனைந்திருந்தது. எவ்வளவு நேரம் என்ற கேள்வி நாக்குநுனிவரை வந்தது.

"பசிக்குதோ?"

"ஓம். ஜாம் கனக்க."

பாதி வாஃபிள் முடியும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "ஒரு கோல் அடிச்சனான். அஞ்சோ ஆறோ பாஸ் விட்டனான். யோசெப்பின் என்னிலும் கூட விட்டவள்."

"இன்னொண்டு வேணுமோ?"

"ம்ம்." வாயைத் துடைத்தாள். "அப்பா, அடுத்த மச்சுக்குக் கடைசிப் பத்து நிமிசம் வந்து பாக்கலாம். ரெண்டு கையும் பொக்கற்றுக்கை இருக்கவேணும்."

"ரெண்டும்?"

"ரெண்டும். நான் பாப்பன்."

செய்ய வேண்டியவை:

1. செவ்வாய்: பயிற்சிக்குக் கூட்டிப்போவது. வாசலோடு திரும்புவது.
2. யோசேப்பு அண்ணையின் வீட்டுக்கு ரோல்ஸ் கொண்டுபோவது. விளக்கம் சொல்லாமல், அவருடைய மகனைப் பற்றிக் கேட்பது.
3. புட்டுக்குத் தண்ணீர் எவ்வளவு என்று தக்ஷாயினியிடம் கேட்பது. எழுதாமல்.
4. வரும் வழியில் காரில் ரேடியோ போடுவது.
5. 13ஆம் தேதி மச்சுக்கு முதல் ஜாக்கெட்டின் வலது பொக்கற்றைத் தைப்பது.